முகட்டைப் பார்க்கவா சம்பளம்?

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் பத்தி எழுதியவன், இப்போது வீட்டின் பின்பத்தியில் ஒதுங்கியிருக்கிறேன். சிலேடைக்காகச் சொல்லவில்லை; உண்மை நிலையே அதுதான். யாழ்ப்பாணத்து வீடுகளின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: பெரிய வீட்டின் சுவரோடு சேர்த்து, ஒரு பக்கமாகச் சரியும் கூரையுடன் இறக்கப்படும் இடத்தை எங்கள் பக்கத்தில் பத்தி என்போம். விறகும் பழைய சைக்கிளும் கிடந்த அந்த இடத்தில், 2014 இல் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய பின்னர், ஒரு சிறு தச்சுப் பட்டறையை அமைத்துக்கொண்டேன். பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். ஒரு மேசை, இரண்டு வாள்கள், நான்கு உளிகள், ஒரு சீவுளி, ஒரு கொட்டாப்புளி. கால் ஆடும் கதிரைகளுக்குக் கால் பொருத்துவதும், பிரம்பு அறுந்த சாய்மனைகளின் சட்டங்களைத் திருத்துவதும், பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகத் தட்டுகள் செய்வதும் இப்போது என் தொழில். சம்பளம் இல்லை, ஆசிரியரின் கத்தரிக்கோலும் இல்லை.

இந்தப் பட்டறைக்குச் சீலிங் அடிப்பதென்று சென்ற ஆண்டு தீர்மானித்தேன். உட்கூரை என்று எழுதலாம். ஆனால் ஊரில் அப்படிச் சொல்லி ஒருவரையும் வேலைக்கு அழைக்க முடியாது. என்ன பலகை, என்ன நிறம் என்ற இரண்டு கேள்விகள்தாம். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதங்கள் சென்றன. அந்த இரண்டு மாதங்களில் என்னைப் பற்றி நான் அறிந்துகொண்ட ஒன்றைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

பத்தியின் கூரை அஸ்பெஸ்ரஸ் சீற்றினால் ஆனது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீடும் பூட்டப்பட்டது. மறு ஆண்டு அண்ணர் திரும்பிவந்து பார்த்தபோது சுவர்கள் நின்றன. பின்புறத்தில் ஓடுகளும் இல்லை, கைமரங்களும் இல்லை, பனஞ்சிலாகைகளும் இல்லை. தரைவழிப் பாதை மூடப்பட்டு, பொருள்கள் கப்பலில் மட்டுமே வந்துகொண்டிருந்த காலம் அது. கிடைத்ததை வாங்கித்தான் கூரை போட முடியும். அண்ணர் 1997 இல் வாங்கிப் போட்ட சீற்றுகளே இன்றும் அங்கே இருக்கின்றன. அவர் இப்போது இல்லை. கூரையைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அதன் கீழே வேலை செய்வது கடினமாக இருந்தது. சித்திரை வைகாசியில் அடுப்பின் மேல் இருப்பது போன்ற வெக்கை. அதைவிடப் பெரிய குறை வெளிச்சம். ஆண்டுகள் செல்லச் செல்லச் சாம்பல் நிறம் கருமையாகி, மேலே போகும் வெளிச்சத்தையெல்லாம் அந்தக் கூரை விழுங்கிவிடும். நான்கு ரியூப் லைற் போட்டும், பலகையில் பென்சிலால் இட்ட கோடு எனக்குத் தெரியவில்லை. அறுபது வயதைத் தாண்டியவரின் விழித்திரைக்கு, இருபது வயதில் சென்றடைந்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சென்றடையும் என்று கண்மருத்துவம் கூறுகிறது. கண்மணி சுருங்குகிறது, வில்லை பழுப்பேறுகிறது. நான் எழுபதைத் தாண்டியவன். கோடு தெரியாமல் வாள் பிடிப்பவனுக்கு விரல்கள் மிஞ்சுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வெளிச்சம் போதாமல் வேலை செய்வதால் என்ன நேரும் என்பதை நான் இளவயதிலேயே கண்டிருக்கிறேன்.

1974 இல் கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலம். இன்றைய பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது கடினம். ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து வார்த்த எழுத்து; கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறியிருக்கும். அதனைத் தலைகீழாக வாசித்தபடியே அச்சுக்கோப்பாளர்கள் மின்னல் வேகத்தில் கோப்பார்கள். அந்த மண்டபத்தின் முகடு ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது அது கறுப்பு. மையும் புகையும் பல ஆண்டுத் தூசியும் படிந்து, தொங்கிய மின்குமிழ்களின் வெளிச்சம் மேலே போய்த் திரும்பிவராத கறுப்பு.

ஒரு நாள் மரண அறிவித்தல் ஒன்று வந்தது. இறந்தவர் ஓர் இளம் பெண். வயது 33. தேய்ந்த எழுத்தில் 3 உம் 8 உம் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கோத்தவர் கண்ணில் படவில்லை. படி பார்த்த என் கண்ணிலும் படவில்லை. மறுநாள் பத்திரிகையில் 83 என்று வெளிவந்தது. பகல் பதினொரு மணிபோல அந்தப் பெண்ணின் தகப்பனார் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “என்ரை பிள்ளைக்கு ஐம்பது வயதைக் கூட்டிப் போட்டிருக்கிறியள். அது உண்மையாய் இருந்திருக்கக் கூடாதா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கோத்தவருக்கு ஒரு நாட்சம்பளம் வெட்டப்பட்டது. நாற்பது வயதைத் தாண்டிய, கண் மங்கத் தொடங்கிய மனிதர். அவர் முகாமையாளரிடம் போய், முகட்டுக்கு ஒருதரம் வெள்ளை அடித்துத் தந்தால் நல்லது, வெளிச்சம் போதவில்லை என்று பணிவாகச் சொன்னார். முகாமையாளர் சிரித்துக்கொண்டே, “முகட்டைப் பார்க்கவா உமக்குச் சம்பளம் தாறம்?” என்றார். அறையிலிருந்த சிலரும் சிரித்தார்கள். என் பிழையும் அதில் பாதி. எனக்குக் கிடைத்தது எச்சரிக்கை மட்டுமே. நான் சிரிக்கவில்லை. ஆனால் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பின்னர் கணினி வந்தது, ஈயம் போயிற்று. அந்த வசனம் மட்டும் என்னோடு இருந்தது. முகாமையாளரை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பல கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். தொழிலாளியின் தலைக்கு மேல் என்ன இருக்கிறதென்று பார்க்காதவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் முகமே எனக்கு முன்னால் வரும்.

இனிப் பட்டறைக்கு வருகிறேன். என்ன பலகை என்பது முதற் கேள்வி. பிளைவூட் பார்வைக்கு அழகு. ஆனால் எங்கள் ஊர்க் கறையானுக்கு அது விருந்து. மரத்தூள் பறக்கும் இடத்தில் தலைக்கு மேலும் எரிபொருளைப் பரப்பிவைப்பது புத்தியுமன்று. ஜிப்சம் பலகை வெள்ளையாக, மட்டமாக இருக்கும். ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழையில், ஓரிடத்தில் ஒழுகினாலும் ஊறித் தொய்ந்துவிடும். பிளாஸ்ரிக் பட்டிகள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. விலையும் குறைவு, கழுவவும் இலகு. ஆனால் பளபளப்பானவை. விளக்கின் உருவம் அவற்றில் கண்ணாடிபோல் விழுந்து கண்ணைக் கூசவைக்கும். தீப்பிடித்தால் புகையும் பொல்லாதது. கடைசியில் அஸ்பெஸ்ரஸ் கலவாத சீமெந்துப் பலகை என்று முடிவு செய்தேன். பாரம் அதிகம்; ஆனால் கறையான் தின்னாது, ஈரத்துக்கு அசையாது, தீக்கும் எளிதில் இடங்கொடாது. எட்டடிக்கு நான்கடிப் பலகை ஆறு எடுத்தால் என் பத்திக்குச் சரியாகப் பொருந்தும், ஒன்றையும் வெட்டவேண்டியதில்லை. சீமெந்துப் பலகையை வெட்டினால் பறக்கும் தூளும் நெஞ்சுக்குக் கூடாது என்பதால் இது பெரிய ஆறுதல்.

ஓடாவியார் வந்து பார்த்தார். தச்சுவேலை செய்பவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். நல்ல கைகாரர். கூரையை அண்ணாந்து பார்த்து, “இதுக்கேன் ஐயா இவ்வளவு யோசினை? சீற்றிலையும் அதைத் தாங்கிற சட்டத்திலையும் நேரை துளை போட்டுக் கம்பி இறக்கினால் ஒரு நாள் வேலை. பெடியன் ஏறிச் செய்வான்” என்றார். சுவருக்குச் சுவர் புதிதாகச் சட்டம் போடுவதென்றால் மரத்துக்கும் கூலிக்குமாக இன்னும் 35,000 ரூபா செல்லும் என்றும் சொன்னார். ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்கு அது சிறு தொகையன்று. “சரி, அப்படியே செய்யுங்கோ” என்றேன்.

சொல்லும்போது எனக்கு ஒன்றும் தெரியாமலில்லை. அதுதான் இங்கே முக்கியம்.

அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. உடையாத, தேயாத சீற் தலைக்கு மேல் சும்மா கிடக்கும்வரை ஆபத்து குறைவு. துளையிடும்போதும் அறுக்கும்போதும் உரசும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. மூச்சோடு உள்ளே போனவை நுரையீரலில் தங்கிவிடுகின்றன. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூடச் செல்லலாம். எழுபது வயதுக்காரனுக்கு அந்தக் கணக்கு ஒரு பொருட்டன்று. ஏணியில் ஏறப்போகிறவன் ஓடாவியாருடைய சகோதரியின் மகன். வயது பத்தொன்பது.

இவற்றையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். 2018 முதல் அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதென்று இலங்கை அரசாங்கம் முன்னரே முடிவெடுத்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் பூச்சி காணப்பட்டதென்று கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. எங்கள் நாட்டுக்கு அஸ்பெஸ்ரஸ் பெருமளவில் வருவதும் அதே ரஷ்யாவிலிருந்துதான். கட்டுப்பாடு பிற்போடப்பட்டது, அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீக்கப்பட்டது. தேயிலையின் விலையாகத் தொழிலாளியின் மூச்சைக் கொடுத்தோம் என்று அப்போது ஒரு கட்டுரை எழுதினேன். நண்பர்கள் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்கள். நாட்டுக்கு உபதேசம் எழுதியவன், தன் வீட்டில் 35,000 ரூபாவுக்கு அதே பேரத்துக்குத் தலையாட்டினேன்.

இரவு நித்திரை வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். நன்றாக உறங்கினேன். மறுநாட்காலை தேநீர்க் கோப்பையோடு பின்பக்கம் போனபோது பெடியன் ஏணியின் உச்சியில் நின்றான். துளைக்கும் இயந்திரம் கையில். வாயைக் கட்ட ஒரு துணிகூட இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஆவென்று திறந்தபடி, துளையிட வேண்டிய இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கணத்தில் எனக்குப் பழைய முகாமையாளரின் சிரிப்பு கேட்டது. இம்முறை அவருடைய இடத்தில் நின்றவன் நான்.

“தம்பி, இறங்கு” என்றேன்.

அவன் தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணிப் பயந்து இறங்கினான். பிழை அவனுடையதன்று என்பதைச் சொல்லி விளங்கவைக்கச் சிறிது நேரம் எடுத்தது. ஓடாவியாருக்கு முதலில் கோபம். “ஊரெல்லாம் இப்பிடித்தானே ஐயா செய்யிறம். நான் முப்பது வருஷமாய்த் துளைக்கிறன், எனக்கு என்ன வந்தது?” என்றார். நான் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாகத் துளைத்த ஒருவரிடம் அந்த ஆண்டுக் கணக்கை எப்படிச் சொல்வது? “பெடியன் சின்னவன், ஓடாவியார். சட்டம் போட்டே செய்வம்” என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் மருமகனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அளவுநாடாவை எடுத்தார்.

நீளவாட்டுச் சுவர்கள் இரண்டிலும் எட்டரை அடி உயரத்தில் பலகை அறைந்து, அவற்றின்மேல் இரண்டடிக்கு ஒன்றாக நான்குக்கு இரண்டு அங்குலச் சட்டங்களைச் சுவருக்குச் சுவர் போட்டோம். சீமெந்துப் பலகைகள் அந்தச் சட்டங்களில் பூட்டப்பட்டன. கூரைச் சீற்றில் ஓர் ஆணியும் படவில்லை. பக்கச் சுவர்கள் இரண்டிலும், சீலிங்குக்கு மேலே, வலையடித்த காற்றுத் துவாரங்கள் வைத்தோம். சூடேறிய காற்று அந்த வழியே வெளியேறுகிறது. முதற்பூச்சைத் தரையில் வைத்தே அடித்தோம். கழுத்தை ஒடித்துக்கொண்டு முழுவதையும் மேலே பார்த்து அடிக்க வேண்டியதில்லை. இது ஓடாவியார் சொன்ன யோசனை.

இனி நிறம். இதில் எனக்கு வந்த சங்கடம் வேறு எவருக்கும் வந்திருக்குமோ தெரியாது. வலக்கண்ணுக்கு வெண்படலச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இடக்கண்ணுக்கு இன்னும் நாள் வரவில்லை. பெயின்ற் கடையில் வெள்ளை என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு நிற அட்டைகளைப் பரப்பினார்கள். வலக்கண்ணால் பார்த்தால் அட்டை நீலம் கலந்த வெள்ளை. இடக்கண்ணால் பார்த்தால் அதே அட்டை பழைய பத்திரிகைக் கடதாசி. ஒரு கண்ணை மூடித் திறந்து, மறு கண்ணை மூடித் திறந்து நான் படும் பாட்டைப் பார்த்துக் கடைப்பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பிரெஞ்சு ஓவியர் மொனேயும் 1923 இல் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பின்னர் நிறங்களோடு இப்படித்தான் அல்லற்பட்டார் என்று அவனிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன்.

என் மனம் இலேசான நீலத்தையே விரும்பியது. அம்மா தைப்பொங்கலுக்கு முன் சுண்ணாம்பைக் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து சுவர் அடிப்பிப்பார். சுண்ணாம்பின் பழுப்பை அந்த நீலம் மறைத்து, வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டும். ஆனால் அளவு தவறி நிறமாகவே தெரியுமளவுக்கு நீலம் ஏறினால், தச்சுப்பட்டறைக்கு அது உதவாது. முகட்டில் என்ன நிறமோ அதே நிறம் வெளிச்சத்தோடு கீழே இறங்கும். முதிரையின் சிவப்பையும் தேக்கின் பொன்னிறத்தையும் நீல வெளிச்சத்தில் மதிப்பிட்டுப் பொலிஷ் போட்டால், முற்றத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதிரையின் உண்மை முகம் தெரியும். நிறம் கலவாத நல்ல வெள்ளை, விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். பழைய சாம்பல் சீற் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தராது.

ஆகவே சுத்த வெள்ளை. அடுத்து, மினுக்கமா, மினுக்கமற்றதா? மினுக்கமான பூச்சில் தூசி ஒட்டாது; ஆனால் விளக்கு அதில் தெரிந்து கண்ணைக் குத்தும். அறவே மினுக்கமற்றது வெளிச்சத்தைப் பரவலாகத் தரும். ஆனால் மரத்தூளைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டுக்கும் இடையில், ஈரத்துணியால் துடைக்கக்கூடிய மினுக்கமற்ற எமல்ஷன் ஒன்றை எடுத்தேன். மரத்தூளும் அஸ்பெஸ்ரஸ் இடம்பெற்ற அதே புற்றுநோய்ப் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது என்பதால் துடைப்பதைத் தள்ளிப்போட முடியாது. பூசுகையில், முன்பு பூசிய இடம் எது, பூசாத இடம் எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. மனைவியை அழைத்தேன். “இஞ்சருங்கோ, உங்களுக்கு ஒரு கண் ஒன்று சொல்லும், மற்றக் கண் வேறொன்று சொல்லும். அந்தப் பெடியனைக் கேளுங்கோ, அவனுக்கு இரண்டு கண்ணும் ஒன்றைத்தான் சொல்லும்” என்றார். கேட்டேன். விடுபட்ட இடங்களை அவன் விரல் நீட்டிக் காட்டினான். அவனே பூசியும் முடித்தான்.

இப்போது நான்கு விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டே எரிகின்றன. மேசைக்கு நேர் மேலே வைக்காமல் இருபுறமும் வைத்ததால் கையின் நிழல் கோட்டில் விழுவதில்லை. வெக்கையும் தணிந்திருக்கிறது. பென்சில் கோடு தெரிகிறது. வாள் கோட்டோடு போகிறது. வேலையில் மூழ்கியிருக்கும்போது நான் முகட்டைப் பார்ப்பதேயில்லை.

அந்த அச்சுக்கோப்பாளரும் முகட்டைப் பார்ப்பதற்காக வெள்ளை கேட்கவில்லை. 3 எது, 8 எது என்று பார்ப்பதற்காகக் கேட்டார். அன்று நான் எழுந்து நின்று, “பிழையில் பாதி என்னுடையது, அவர் கேட்பது நியாயம்” என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் உயிரோடு இல்லை. சொல்லவேண்டியதை இனி அவருக்குச் சொல்ல முடியாது.

சென்ற கிழமை அந்தப் பெடியன் வந்தான். நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வேலையாம். அங்கும் பழைய சீற்றாம். “மாமா துளைக்கவேண்டாமெண்டு சொல்லிப்போட்டார் ஐயா. உங்கடை வீட்டிலை போட்ட மாதிரிச் சட்டத்தின்ரை அளவு வேணுமாம்” என்றான். பத்திக்குள் அழைத்துக் கதிரையில் இருத்தி, அளவுகளை ஒரு துண்டில் எழுதிக்கொடுத்தேன். எழுதி முடித்தபின் எண்களை இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்தேன். பிறகு அவனையும் வாசிக்கச் சொன்னேன்.